படத்தின் திகதியும் காசோலையின் திகதியும்

'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தின் மீது இரசிகர்கள் பெரும் நம்பிக்கை வைத்தனர். 2019இல் வெளிவந்த 'எண்ட்கேம்' படத்தில் அயன் மேனாக மடிந்த ராபர்ட் டவுனி ஜூனியர், இம்முறை வில்லன் டாக்டர் டூமாக வருகிறார் என்ற செய்தியே காரணம். ஆனால், 2026 மே 1இல் வரவிருந்த படம் டிசம்பர் 18க்குப் பிற்போடப்பட்டது.

மூதூர் வியாபாரிகளுக்கு இதில் பாடம் உண்டு. இரசிகரின் ஆவலை நம்பி, நாயகர் படம் போட்ட புத்தகப்பைகளையும் டீசேர்ட்டுகளையும் புறக்கோட்டையில் காசோலை கொடுத்து வாங்குகிறோம். படத்தின் திகதி ஏழு மாதம் தள்ளிப்போகலாம். காசோலையின் திகதி ஒரு நாளும் தள்ளிப்போகாது.

படம் ஓடாவிட்டாலும் புத்தகப்பை பாடசாலைப் பருவத்தில் விற்றுவிடும். டீசேர்ட்டோ ஆவல் தணிந்ததும் தேங்கிவிடும். ஆகவே பையைக் கடனுக்கு எடுத்தாலும், டீசேர்ட்டைக் கைக்காசுக்குக் கொஞ்சமாகவே எடுங்கள். படம் ஏமாற்றினால் இரசிகருக்கு நட்டம் ஒரு டிக்கெட், எமக்கோ முதல்.