திருத்தணி சென்னையைச் சேர்ந்ததா?

திருத்தணியில் மனை வாங்க நினைப்பவரும், இங்கிருந்து மகளைச் சென்னைக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணும் பெற்றோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊர் சென்னையோடு சேர்ந்ததா, இல்லையா? ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்ல முடியாது. மாநில எல்லை, நகர எல்லை, ரயில் பாதை என்று மூன்று கோடுகள் இந்த ஊரைத் தொட்டுச் செல்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் விடை கிடைப்பதில்லை.

முதலில் மாநில எல்லை. 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது, சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணியும் அதனோடு போயிற்று. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், அதன்பின் எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கர் அளித்த தீர்ப்பும் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணியைத் தமிழகத்துக்கு மீட்டுத் தந்தன. திருப்பதி அந்தப் பக்கமே நின்றுவிட்டது. இன்றும் திருத்தணிக் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. அருகிலுள்ள பொதட்டூர்பேட்டையில் கேட்கும் தறி ஓசைதான் எல்லை தாண்டி நகரியிலும் கேட்கிறது.

இரண்டாவது நகர எல்லை. இதிலும் இரண்டு உண்டு. சென்னை மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மாநகராட்சி குப்பை அள்ளும், தெருவிளக்குப் போடும், வரி வாங்கும். பெருநகரப் பகுதி என்பது அதைவிடப் பெரிய வட்டம். எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை, எங்கே ஏரி என்று திட்டமிடுவதற்காக வரைந்த கோடு அது. 2022 அக்டோபரில் அந்த வட்டம் 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக்கப்பட்டது. பெருநகரப் பகுதிக்குள் ஓர் ஊர் வந்துவிட்டது என்றால் அங்கே மாநகராட்சிச் சேவைகள் வந்துவிடும் என்று பொருளில்லை. மனை விளம்பரம் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது கோடுதான் மக்களின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னகத்தின் முதல் ரயில் ஓடியது. அந்தத் தடத்திலிருந்து அரக்கோணத்தில் பிரிந்து ரேணிகுண்டா வழியாகச் சென்ற பாதை, 1871-ல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு இணைந்தது. திருத்தணி அந்தப் பாதையில் உள்ள ஊர். இன்று மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து புறப்படும் மின்சார ரயில்களில் சில அரக்கோணத்தோடு நிற்காமல் இச்சிபுத்தூர் தாண்டித் திருத்தணிக்கும் வருகின்றன.

சென்னை எப்படி வளர்ந்தது என்று அறிய விரும்புவோர் ஒருமுறை திருத்தணியிலிருந்து எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டியில் சன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பார்க்க வேண்டும். அரக்கோணம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் வருவது திருவாலங்காடு. காரைக்கால் அம்மையார் பாடிய தலம். திருத்தணி பெயரில் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதும் இங்கேதான். திருவள்ளூர் வரை வயலும் ஏரியுமாகக் காட்சி விரியும். செவ்வாப்பேட்டை, வேப்பம்பட்டு, திருநின்றவூரில் மனைப்பிரிவுக் கற்களும் புதுவீடுகளும் நெருங்கத் தொடங்கும். ஆவடியில் ராணுவ டாங்கிகள் செய்யும் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை, பெரம்பூரில் ரயில்வே பணிமனைகள், வில்லிவாக்கத்தை ஒட்டி 1955-ல் தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலை. இவை ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில் அடுத்தடுத்து அமைந்தது தற்செயலன்று. சரக்கு வரவும் தொழிலாளி வரவும் ரயில் இருந்தது. அதனால் ஆலை வந்தது. ஆலையைச் சுற்றிக் குடியிருப்பு வந்தது. இந்தப் பாதையில் பேட்டைகளை இணைக்க ரயில் வரவில்லை, ரயிலே பேட்டைகளை உண்டாக்கியது.

அப்படியானால் திருத்தணிக்கு ஏன் அரக்கோணம் அளவுக்கு வண்டி இல்லை? சென்னையிலிருந்து அரக்கோணம் வரை புறநகர் வண்டிகளுக்கும் தொலைதூர வண்டிகளுக்கும் கூடுதல் தண்டவாளங்கள் உள்ளன. அரக்கோணத்துக்கு வடக்கே திருப்பதி, மும்பை விரைவு வண்டிகள், சரக்கு வண்டிகள், மின்சார ரயில்கள் எல்லாம் இரட்டைப் பாதையையே பகிர்ந்துகொள்கின்றன. விரைவு வண்டிக்கு வழிவிட்டு மின்சார ரயில் காத்து நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு மக்கள் திரளும்போது சிறப்பு ரயில் விட முடிகிறது. ஆண்டு முழுவதும் வேலைக்குப் போகிறவருக்கு அது போதாது.

குறை பாதையில் மட்டும் இல்லை. நிலையத்தில் இறங்கியவர் பேருந்து நிலையத்துக்கோ மலையடிவாரத்துக்கோ போக, ரயில் நேரத்தோடு பொருந்தும் பேருந்து வேண்டும். சென்னையில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் சீட்டு வாங்கும் வசதி 2025 செப்டம்பரில் வந்துவிட்டது. பெருநகரப் போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் குழுமம் தன் அக்கறையை வரைபட ஓரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ரயில் போகும் கடைசி நிலையம் வரை கொண்டுசெல்ல வேண்டும்.

முதல் கேள்விக்குத் திரும்புவோம். திருத்தணி சென்னையின் ஒரு வார்டு அல்ல, அப்படி ஆகவும் வேண்டாம். மலைக்கோயிலின் 365 படிகளும் தறிகளும் இரு மொழிகளும் கொண்ட தனி ஊராகவே அது இருக்கட்டும். ஆனால் இங்கிருந்து விடியலில் புறப்பட்டு அம்பத்தூரில் எட்டு மணி நேரம் உழைப்பவர் சென்னையை நடத்துபவர்களில் ஒருவர். அவர் இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு வண்டி கூடுதலாக விடுங்கள். ரயில்வேயிடமும் அரசிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது அதுதான்.