கார் அலறுவது கோளாறல்ல

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்தை அடுத்துள்ள சிற்றூர் வடக்குப்பட்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறையினர் இங்கு அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அதே வட்டாரத்தில், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் தயாராகி வருகின்றன. உங்களில் சிலர் நாளை அந்தத் தொழிற்சாலைகளிலோ சாலையோரப் பட்டறைகளிலோ வேலை பார்க்கக்கூடும். அப்போது நிச்சயமாக எதிர்ப்படும் ஒன்றைப் பற்றி இங்கே பேசலாம்.

பேட்டரியின் வயரைக் கழற்றியதும் சில கார்கள் ஊரைக் கூட்டுவதுபோல் அலறும். மின்சாரமே இல்லாதபோது சத்தம் எப்படி வருகிறது? ‘அலாரம் கெட்டுப்போச்சு’ என்று அதன் வயரையே வெட்டி விடுகிறவர்கள் உண்டு. இது சரியல்ல என்பது என் கருத்து. அந்த அலாரம் கெடவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது.

கார் திருட வருபவன் முதலில் என்ன செய்வான்? பேட்டரியைத் துண்டித்து அலாரத்தின் வாயை அடைக்கப் பார்ப்பான். அதனால்தான் இத்தகைய சைரன்களுக்குள் சிறிய மின்கலம் ஒன்றைத் தனியே வைத்திருக்கிறார்கள். காரின் 12 வோல்ட் வந்துகொண்டிருக்கும்வரை சைரன் சும்மா இருக்கும். அது நின்றதும் தன் சொந்த மின்கலத்தைக் கொண்டு அலறும். வீட்டு அழைப்புமணி மின்சாரம் பாய்ந்தால் ஒலிக்கும். இதுவோ பாயாவிட்டால் ஒலிக்கும்!

இந்தத் தலைகீழ் யோசனை புதிதன்று. 1872-இல் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன் இதை ரயில் பாதைக்குக் கொண்டுவந்தார். தண்டவாளங்கள் வழியே சிறு மின்னோட்டம் எப்போதும் ஓடி ஒரு ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும். ரயில் வந்து நின்றாலும், தண்டவாளம் முறிந்தாலும், மின்கலமே தீர்ந்துபோனாலும் ரிலே விழுந்து சிகப்பு விளக்கு எரியும். எது கெட்டாலும் எச்சரிக்கைதான். எவ்வளவு அழகான ஏற்பாடு பாருங்கள்!

அப்படியானால் பேட்டரியை எப்படிக் கழற்றுவது? முதலில் ரிமோட்டில் ‘திற’ பொத்தானை அழுத்தி, நான்தான் உரிமையாளர் என்று அலாரத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் திரும்பும்போது சில கார்களில் கதவுகள் தாமே பூட்டிக்கொள்வதுண்டு. சில சைரன்களை நிறுத்துவதற்கென்றே சிறு சாவி தனியாக இருக்கும். காருடன் வரும் கையேட்டையும் ஒருமுறை புரட்டுங்கள்.

கழற்றும்போது எதிர்முனைதான் முதலில். காரின் உடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருக்கிறது. நேர்முனையை முதலில் தொட்டு, ஸ்பானர் உடலில் பட்டுவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாயும். பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் தீப்பற்றி வெடிக்கவும் கூடும். திரும்பப் பூட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். அப்போதும் கார் ஒருமுறை அலறலாம். பயப்படாமல் ‘திற’ பொத்தானை அழுத்துங்கள். (மின்சாரக் கார்களின் உயர் மின்னழுத்த பேட்டரி வேறு விஷயம். பயிற்சி பெறாதவர் அதன் பக்கமே போகக்கூடாது.)

வயரை வெட்டுகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆக சைரனுக்குள் இருக்கும் மின்கலம் முதுமையடைகிறது. பிறகு அது காரணமில்லாமல் நள்ளிரவில் அலறத் தொடங்குகிறது. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கின்றன நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு விதிகள். தெருவே விழித்துக்கொள்ளும். நாளடைவில் ‘புலி வருது, புலி வருது’ கதைதான். உண்மையில் திருடன் வந்தாலும் ஒருவரும் எட்டிப்பார்க்க மாட்டார்கள். அதற்கு மருந்து புதிய மின்கலம் அல்லது புதிய சைரன். கத்தரிக்கோல் அல்ல.

கார் தயாரிப்பாளர்களிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. இவ்வளவு கார்கள் தமிழ் மண்ணில் உருவாகின்றன. பானெட்டின் உட்புறத்தில், பேட்டரிக்கு நேர் மேலே, இரண்டு வரி தமிழில் ஒட்டினால் என்ன? ‘முதலில் அலாரத்தை அணைக்கவும். பிறகு எதிர்முனையைக் கழற்றவும்.’