தண்ணீர் வரும் தெரு எது? முன்பே சொல்லுங்கள்!

2023 டிசம்பர் 17, 18. தாமிரபரணிக் கரையோர மக்கள் இந்த இரண்டு நாட்களை மறப்பார்களா? காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை! அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையை விட இது அதிகம். குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் தீவானது. ஏரல் கடைவீதியில் வியாபாரிகள் பாடுபட்டுச் சேர்த்த சரக்கு சேறாகிப் போனது.

இளைஞர்கள் சாதி மதம் பாராமல் உணவுப் பொட்டலங்களோடு ஓடினார்கள். பாராட்டுகிறோம். ஆனால் வெள்ளம் வந்த பிறகு ஓடுவது மட்டும்தான் நம் வேலையா?

"இப்படி மழை கொட்டினால் யார் என்ன செய்ய முடியும்? எல்லாம் விதி" என்கிறார்கள். மழையை நிறுத்த முடியாதுதான். ஆனால் அது எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமே!

நிலத்தின் மேடு பள்ளம், ஆற்றின் அகலம், ஆழம், பாலம், கரை, வாய்க்கால் எல்லாவற்றையும் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் இத்தனை கன அடி திறந்து, கீழே இத்தனை செ.மீ. மழையும் பெய்தால் தண்ணீர் எங்கெங்கே பரவும் என்று அது கணக்கிட்டு, வரைபடமாகவே தந்துவிடும்.

ஆனால் கொடுத்த அளவு தவறானால் வரைபடமும் தவறாகும். ஆக்கிரமிக்கப்பட்ட வாய்க்காலைப் பழைய பதிவேட்டில் உள்ளபடி ஏற்றினால், கம்ப்யூட்டரில் தண்ணீர் வாய்க்காலில் ஓடும்; ஊரிலோ வீட்டுக்குள் வரும்!

வியாபாரிகளே! 'நூறாண்டு வெள்ளம்' என்றால் இனி நூறாண்டுக்கு வராது என்று பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். 30 ஆண்டு கடை நடத்துபவருக்கு அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. குடோனைத் தரைத்தளத்தில் வைக்கும் முன் இதை யோசித்தீர்களா?

2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னைக்கு இப்படியொரு கணிப்பு முறை 2019இல் உருவாக்கப்பட்டது. ஆயினும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை மீண்டும் மூழ்கியது. ஏன்? வரைபடம் உயிரைக் காப்பாற்றாது. அதைப் பார்த்து உரிய நேரத்தில் முடிவெடுப்பவரே காப்பாற்றுவார். அதிகாரியின் மேசையோடு நின்றுவிடும் எச்சரிக்கையால் ஏழைக்கு என்ன பயன்?

எனவே கேட்கிறோம்: தாமிரபரணிக் கரையின் ஒவ்வோர் ஊருக்கும், தெருவாரியான வெள்ள அபாய வரைபடத்தைத் தமிழில் வெளியிடுங்கள். பஞ்சாயத்து அலுவலகத்திலும் கடைவீதியிலும் பள்ளிக்கூடத்திலும் ஒட்டுங்கள். நிலத்தின் விலை இறங்கும் என்று சிலர் முணுமுணுக்கலாம். உயிரின் விலை அதைவிடக் குறைவா?

நமக்கும் கடமை இருக்கிறது. இளைஞர்களே! 2023இல் தண்ணீர் ஏறிய உயரத்தைத் தெருவுக்குத் தெரு சுவரில் குறியுங்கள். அளந்து, எழுதி, மாவட்ட நிர்வாகத்திடம் கொடுங்கள். கம்ப்யூட்டர் கணக்கு சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல சாட்சி இல்லை. வாய்க்காலை மறித்திருப்பது நம்மவர் கடையே ஆனாலும், அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்த மழை வருமுன் இதைச் செய்வோம். சேறு அள்ளும் கைகள் முதலில் அளவு நாடாவைப் பிடிக்கட்டும்!