முந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேசினோம்

ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன். பாங்கில் குப்பை கொட்டுபவனுக்கு வேறு எப்படி ஆரம்பிக்க வரும்?

கெட்டுப் போகாத பொருளை மாற்றுவதற்குக் கொடுத்தது: 9,500 ரூபாய். பேரம் பேசவில்லை.

உண்மையான கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்தவருக்குக் கொடுத்தது: 200 ரூபாய். அவர் கேட்டது 300. பேரம் பேசி நூறைக் குறைத்தோம்.

இதில் எந்த வரி என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை என்று நினைக்கிறீர்கள்? இரண்டாவதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

என் மச்சினன் ஒரு பழைய பிக்அப் வண்டி வைத்திருக்கிறான். விடியற்காலை மூன்று மணிக்கு வாஷி மார்க்கெட். வாழையிலை, முருங்கைக்காய், சேனை, சின்ன வெங்காயம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஐந்து மணிக்குள் மாட்டுங்கா கடைகளில் இறக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கின வண்டி. டாஷ்போர்டில் ஏழு இஞ்ச் டச் ஸ்க்ரீன் ரேடியோ, முந்தைய ஓனர் வெளியே கடையில் மாட்டினது. பாட்டு, மேப், போன் எல்லாம் அதில்தான். முக்கியமாக ரிவர்ஸ் கேமராவும் அதில்தான். பின்னால் லோடு ஏற்றிவிட்டால் உள் கண்ணாடியில் வாழையிலைக் கட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. தெலங் ரோடு பக்கம் அந்த நேரத்தில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூக்காரம்மாக்கள் தரையில் உட்கார்ந்து தொடுத்துக்கொண்டிருப்பார்கள். கைவண்டி வரும். கோயிலுக்குப் போகிற மாமிகள் நடுரோட்டில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு ஸ்க்ரீனுக்குப் பேய் பிடித்தது. பாட்டை மாற்றத் தொட்டால் யாருக்கோ போன் போகும். யாருமே தொடாதபோது தானே மேப்பைத் திறக்கும். பம்பரில் மாட்டின எக்ஸ்ட்ரா லைட்டைப் போட்டால் ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகும். கடைசியில் ஒருநாள் ரிவர்ஸ் போட்டபோது திரை கறுத்துப் போனது. "கேமரா இப்ப வந்துரும்னு ரெண்டு செகண்டு பார்த்தேன் அத்தான், வண்டி அதுபாட்டுக்கு நகர்ந்துருச்சு" என்றான். ஒரு கைவண்டிப் பையன் வண்டியின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினதால் நின்றான். நசுங்கினது ஒரு பூக்கூடை மட்டும். அந்தம்மா எழுந்து டீ வாங்கப் போயிருந்தாராம். அதற்கு மேல் நான் யோசிக்க விரும்பவில்லை.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டர். "இது எங்க ஃபிட்டிங் இல்ல, கை வைக்க மாட்டோம்" என்றார்கள். அது நியாயம்தான். அடுத்தது ஒரு ஆக்ஸஸரி கடை. கடைக்காரர் ஸ்க்ரீனை ஒருமுறை தட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். "டிஸ்ப்ளே போச்சு. புதுசு போட்டுரலாம், பெரிய ஸ்க்ரீன், நிறைய மெமரி." 9,500. ஒரு மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தார். பதினேழாம் நாள், புது ஸ்க்ரீனுக்கும் அதே பேய்!

அப்புறம்தான் தாராவி 90 ஃபீட் ரோடு பக்கம் இருக்கிற ஒரு அண்ணாச்சியிடம் போனோம். அறுபது வயதைத் தாண்டினவர், எங்கள் திருநெல்வேலிப் பக்கம். அவர் ஸ்க்ரீனைத் தொடவே இல்லை. முதலில் கேள்விதான் கேட்டார். "எப்பெப்ப ஆஃப் ஆகுது தம்பி? மழையிலயா, வெயில்லயா? லைட்டு போட்டாலா? ரிவர்ஸ் போட்டாலா? ஹாரன் அடிச்சா ஆகுதா?" ஒரு டாக்டர்கூட இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு மல்டிமீட்டரை எடுத்தார். பாட்டரியில் வண்டி ஆஃபில் 12.6 வோல்ட், ஸ்டார்ட் பண்ணினதும் 14.1. "பாட்டரியும் சார்ஜிங்கும் நல்லாருக்கு." ரேடியோவை வெளியே இழுத்து, பின்னால் மஞ்சள் ஒயருக்கும் கருப்பு ஒயருக்கும் நடுவில் வைத்தார். சரியாக இருந்தது. எக்ஸ்ட்ரா லைட்டைப் போட்டு ரிவர்ஸ் கியரும் போடச் சொன்னார். பத்து வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. மீட்டரின் கருப்பு முனையை மட்டும் எடுத்து நேராக பாட்டரி நெகட்டிவில் வைத்தார். மறுபடி பதினான்கு! "கரண்டு வருது சார், திரும்பிப் போக வழியில்ல. எர்த்து போயிருக்கு" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் இடம் தெரிந்தது. முந்தைய ஓனருக்கு மாட்டிக் கொடுத்த ஆள் கருப்பு ஒயரை டாஷ்போர்டுக்குள் பெயிண்ட் அடித்த ஒரு தகட்டின் ஸ்க்ரூவில் சுற்றிவிட்டிருக்கிறார். எக்ஸ்ட்ரா லைட்டின் கருப்பு ஒயர், கேமராவின் கருப்பு ஒயர் எல்லாம் அதே ஸ்க்ரூவில். மழையில் துருப்பிடித்துத் தொடர்பு பாதி போய்விட்டது. லைட் எரிந்தால் ரேடியோவுக்கு மூச்சு முட்டுகிறது. பேய் பிடித்த மாதிரி தானே தொட்டுக்கொண்டதற்கும் இதுதான் காரணமாம். இந்த வகைத் திரை, விரல் பக்கத்தில் வரும்போது ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றத்தை அளந்துதான் "தொட்டார்கள்" என்று முடிவு செய்கிறது. எர்த் ஆடினால் அந்த அளவும் ஆடும். விரல் இல்லாத இடத்தில் விரல் இருப்பதாக அதற்குத் தோன்றும்.

பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, பாடியில் பெயிண்டைச் சுரண்டி, கருப்பு ஒயருக்குப் புது லக் அடித்து, போல்ட் போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். லைட்டின் எர்த்தைத் தனியாகப் பிரித்துவிட்டார். மொத்தம் இருபது நிமிஷம். "பழசையும் கொண்டாங்களேன், பாப்போம்" என்றார். வண்டியிலேயேதான் கிடந்தது. அவர் பெஞ்சில் ஒரு பாட்டரியில் மாட்டினார். ஒரு மணி நேரம் மனோவும் சித்ராவும் பாடினார்கள், ஒரு கோளாறும் இல்லை. 9,500 ரூபாய் கண்ணெதிரே பாடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு அண்ணாச்சி?"

"முந்நூறு குடுங்க."

"ஒரு ஒயரை மாத்துனதுக்கு முந்நூறா?" என்றான் மச்சினன். 200 கொடுத்தான். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். இதில் மச்சினனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

என் கருத்து இதுதான். நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம். புதுப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது, கையில் கனக்கிறது, அதனால் 9,500 வலிக்கவில்லை. அண்ணாச்சி கொடுத்தது "இது இல்லை, அது" என்கிற ஒரு வாக்கியம். வாக்கியத்துக்கு எடை இல்லையே. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் நாற்பது வருஷம் இருக்கிறது.

என் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். லோன் கேட்டு வருகிறவரிடம் ஃபைலைப் பார்ப்பதற்கே ப்ராஸஸிங் ஃபீஸ் வாங்குகிறோம். "பார்த்ததுக்கு எதுக்குய்யா காசு?" என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. டாக்டருக்கு மருந்து தனி, ஃபீஸ் தனி. மெக்கானிக் விஷயத்தில் மட்டும் பார்ப்பது இலவசம், மாற்றினால்தான் காசு என்று வைத்திருக்கிறோம். அப்படியானால் அவன் என்ன செய்வான்? மாற்றத்தான் சொல்வான். ஆக்ஸஸரி கடைக்காரர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் மீட்டர் வைத்துத் தேடினால் அவருக்கு நாம் கொடுக்கப் போவது 200. பெட்டி விற்றால் அதைவிடப் பல மடங்கு நிற்கும். அந்த விலைப்பட்டியலை எழுதினது நாம்தான்.

மாற்றுவதுதான் சரி என்கிற இடங்களும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2021 பிப்ரவரியில் டெஸ்லா கம்பெனி அமெரிக்காவில் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைத்தது. ஸ்க்ரீனுக்குப் பின்னால் இருந்த 8 ஜி.பி. மெமரி சிப்பில் ஓயாமல் எழுதி எழுதி, சில வருஷங்களில் சிப்பே தேய்ந்து போனது. திரை போனதும் ரிவர்ஸ் கேமராவும் போனது. மச்சினன் கதையேதான், விலைதான் வேறு :-) 2022 ஜனவரி கடைசியில் சியாட்டிலில் இன்னொரு வேடிக்கை. ஒரு எஃப்.எம். நிலையம் அனுப்பின படத்தின் கோப்புப் பெயரில் கடைசி மூன்றெழுத்து விட்டுப்போயிற்று. 2014 முதல் 2017 வரையிலான மஸ்தா கார்கள் பலவற்றில் ரேடியோ அந்த நிலையத்திலேயே சிக்கிக்கொண்டு, திரை திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆனது. மாற்ற வேண்டிய பாகம் சுமார் 1,500 டாலர். கடைசியில் கம்பெனி இலவசமாக மாற்றித் தருவதாகச் சொன்னது. அங்கே நம் அண்ணாச்சி போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, பெட்டியைத் திறக்கிற சாவி கம்பெனியிடம்தான். ஆனால் இங்கேயும் ஒன்றைக் கவனியுங்கள். எது உண்மையில் போயிற்று என்று யாரோ உட்கார்ந்து கண்டுபிடித்த பிறகுதான் மாற்றினார்கள்.

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் நம்முடைய போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அசல் ஸ்பேர் பார்ட்ஸையும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்க விடாமல் வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சில கம்பெனிகளின் மேல்முறையீட்டில் 2016 டிசம்பரில் தொகை குறைந்தது, தப்பு தப்புதான் என்பது நின்றது. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஒரு இணையதளம் தொடங்கியது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வண்டி என்று நான்கு துறைகள் அதில் உண்டு. நல்லது. ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும், உள்ளே போய்ப் பார்க்க ஆள் வேண்டாமா? அண்ணாச்சியின் பையன் தொழில் கற்றுக்கொள்ளவில்லை, டெலிவரி வேலைக்குப் போகிறான். "இதுல என்ன சார் வருது?" என்றார் அவர். 200 ரூபாய் கொடுத்துவிட்டு வந்த எனக்கு பதில் சொல்ல வாய் வரவில்லை.

சரி, உங்கள் வண்டியில் ஸ்க்ரீன் தகராறு செய்தால் புதுசு வாங்கும் முன் இந்த வரிசையில் போங்கள்:

1. எப்போதெல்லாம் கெடுகிறது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். லைட், ஹாரன், ரிவர்ஸ், மழை, வெயிலில் நிறுத்தினது. பாதி விடை அதிலேயே இருக்கும்.

2. முகப்பில் சின்ன ரீசெட் ஓட்டை இருந்தால் ஊசியால் அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் உங்கள் செட்டிங் எல்லாம் அழியலாம்.

3. திரைமேல் ஒட்டின பிளாஸ்டிக்கை எடுங்கள். சுற்றியுள்ள ஃப்ரேம் கண்ணாடி ஓரத்தை அழுத்துகிறதா பாருங்கள். அதுவும் பேய்த் தொடுதலுக்கு ஒரு காரணம்.

4. ஃப்யூஸ், பாட்டரி முனை, பிறகு எர்த். ஒயரில் கை வைக்கும் முன் பாட்டரி நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள்.

5. ரேடியோவைக் கழற்றித் தனி பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கெட்டால் மாற்றுங்கள். அங்கே ஓடினால் தப்பு வண்டியில் இருக்கிறது, பெட்டியில் இல்லை.

6. கேமரா வருவதற்காக வண்டியை நகர்த்திக்கொண்டே காத்திருக்காதீர்கள். திரை கறுத்தால் பிரேக். இறங்கிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், "பார்த்துச் சொல்ல எவ்வளவு?" என்று கேளுங்கள். சரி ஆனாலும் ஆகாவிட்டாலும் அதைக் கொடுத்துவிடுங்கள். அவர் பெட்டி விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்கிற கட்டாயம் அப்போதுதான் போகும்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் போனபோது அண்ணாச்சியிடம் பாக்கி நூறு ரூபாயை நீட்டினேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

"முடிஞ்ச கணக்கு சார் அது. அடுத்த தடவை கேட்டதைக் குடுங்க, போதும்."