சுகர் வந்தா நாக்குக்குத் தண்டனையா?

1/
மூணு மாசம் முன்னாடி, தொற்றா நோய்ப் பிரிவு ஓ.பி. ஐம்பது வயசுக்காரர் ஒருத்தர் மனைவியோட வந்திருந்தார். வெறும் வயித்துச் சர்க்கரை 190. நானும் வழக்கமான பாட்டைப் பாடினேன். சோறைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, கடைச் சாப்பாட்டை நிறுத்துங்க.

அவர் கேட்டார்: "எல்லாத்தையும் குறைன்னு சொல்றீங்க சார். எதைத்தான் ருசிச்சுச் சாப்பிடட்டும்?"

2/
பக்கத்துல இருந்த அம்மா சொன்னதுதான் எனக்கு இன்னும் உறைச்சது.

"இவருக்குக் கோதுமை உப்புமா, பசங்களுக்கு நூடுல்ஸ், மாமியாருக்குக் குழைஞ்ச சோறு. மூணு சமையல் சார். கடைசியில மிஞ்சினது எனக்கு."

ஒருத்தருக்குச் சுகர் வந்தா, அந்த வீட்டு அடுப்படியில இன்னொருத்தருக்கு வேலை இரட்டிப்பாகுது. இதை நம்ம மருந்துச்சீட்டுல யாரும் எழுதறதில்லை.

3/
எனக்கும் இது சொந்த அனுபவம்தான். 34 வயசுல, நைட் டியூட்டியும் ஃப்ரைடு ரைஸுமா ஓடிட்டு இருந்தப்ப, என் ஹெச்பிஏ1சி 6.0 வந்துச்சு. 5.7 முதல் 6.4 வரை இருந்தா சர்க்கரை நோயின் முந்தைய நிலை. அதாவது வாசல்ல வந்து நிக்குதுன்னு அர்த்தம்.

மூணு வாரம் ஓட்ஸ் கஞ்சி. நாலாவது வாரம் மறுபடி அதே ஃப்ரைடு ரைஸ் கடை. எம்.பி.பி.எஸ் படிச்ச எனக்கே இந்த நிலைமை.

4/
அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சது. எனக்கு வேண்டியிருந்தது ஃப்ரைடு ரைஸ் இல்லை, வேற ருசி. தினமும் அதே கூட்டு, அதே பொரியல்னா நாக்கு கடையைத் தேடத்தான் செய்யும். அது ஒழுக்கக் குறைவு இல்லை, மனுஷ இயல்பு.

ஆனா வேற ருசிக்குக் கடைக்குத்தான் போகணும்னு யார் சொன்னது?

5/
வெளிநாட்டுச் சாப்பாடுன்னு நாம நினைக்கிறது பெரும்பாலும் கடைச் சாப்பாடு. சீஸ் வழியற பீட்சா, சாஸ்ல புரட்டின நூடுல்ஸ், மயோனைஸ் ஊத்தின ஷவர்மா. (பச்சை முட்டையில செய்யற மயோனைஸுக்கு 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு ஓராண்டுத் தடை போட்டது ஞாபகம் இருக்கும்.)

ஒரு வெளிநாட்டுக்காரர் நம்ம பரோட்டாக் கடையை மட்டும் பார்த்துட்டு "தமிழர் தினமும் இதான் சாப்பிடறாங்க"ன்னு சொன்னா ஒத்துப்பீங்களா?

6/
அந்தந்த நாட்டு வீட்டு அடுப்படியை எட்டிப் பாருங்க. இத்தாலியில பாஸ்தாவோட கொண்டைக்கடலை. மெக்சிகோவுல பீன்ஸ் பயறும் சோள ரொட்டியும். எத்தியோப்பியாவுல பருப்பு.

பருப்பு, பயறு, காய், கொஞ்சம் தானியம். நான் ஓ.பி.யில தொண்டைத்தண்ணி வத்தச் சொல்றதும் இதைத்தான். முக்கால்வாசிப் பொருள் நம்ம மளிகைக் கடையிலயே இருக்கு.

7/
நான் வீட்டுல செய்யறது மூணு.

ஒண்ணு, லெபனான், சிரியா பக்கத்து ஹம்மஸ். வெள்ளைக் கொண்டைக்கடலையை ராத்திரி ஊறவெச்சு, மசியற அளவுக்குக் குக்கர்ல வேகவைங்க. வெள்ளை எள்ளை லேசா வறுத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அரைங்க. அதோட கடலை, ரெண்டு பல் பூண்டு, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைச்சா முடிஞ்சது. கேரட், வெள்ளரிக்காயைத் தொட்டுச் சாப்பிடலாம். பசங்க மயோனைஸை மறந்துடுவாங்க.

8/
ரெண்டு, ஷக்ஷூகா. துனிசியா மாதிரி வட ஆப்பிரிக்க நாடுகள்ல பிரபலம். வெங்காயம், குடைமிளகாய், பூண்டு, தக்காளி, சீரகத்தூள், மிளகாய்த்தூள் போட்டுத் தொக்கு மாதிரி வதக்குங்க. நடுவுல குழி பண்ணி, ஆளுக்கு ஒரு முட்டை உடைச்சு ஊத்தி மூடி வைங்க. முட்டை நல்லா வெந்ததும் இறக்கிடுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து அரை மணி நேரத்துல ராத்திரிச் சாப்பாடு ரெடி.

9/
மூணு, எத்தியோப்பியாவின் மிசிர் வொட். நிறைய வெங்காயத்தைப் பொடியா நறுக்கி, முதல்ல எண்ணெய் இல்லாமலே நிதானமா வதக்கணும். அப்புறம் கொஞ்சம் எண்ணெய், பூண்டு, இஞ்சி, மிளகாய்த்தூள், வெந்தயத்தூள், ஏலக்காய்த்தூள். அதுல மைசூர் பருப்பைப் போட்டு வேகவிடணும். அவங்க இதைச் சாப்பிடறது இஞ்சேராவோட. டெஃப்னு ஒரு சிறுதானியத்தோட மாவைப் புளிக்கவெச்சு ஊத்தற பெரிய தோசை அது. நமக்குக் கேழ்வரகு தோசை போதும்.

10/
"நம்ம பாரம்பரியத்தை விட்டுட்டு இதெல்லாம் எதுக்கு டாக்டர்?"னு கேள்வி வரும். நம்ம சாப்பாட்டை விடச் சொல்லலை. வாரத்துல ரெண்டு நாள் மாத்திப் பாருங்கன்னுதான் சொல்றேன்.

இன்னொண்ணு. நம்ம ரசத்துல இருக்கற தக்காளியும், மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துல பிறந்தது. போர்த்துகீசியர் வந்ததுக்கு அப்புறம்தான் இங்க வந்தது. நம்ம பாட்டிகளோட பாட்டிகளும் வெளிநாட்டுப் பொருளை வாங்கி நம்ம ருசிக்கு மாத்தினவங்கதான்.

11/
சில எச்சரிக்கைகள்:

• உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ்லயே 2 கிராமுக்கு மேல இருக்கும். பி.பி. உள்ளவங்க கவனம்.
• இன்சுலினோ சுகர் மாத்திரையோ எடுக்கறவங்க, சோறைத் திடீர்னு பாதியாக்காதீங்க. வியர்வை, நடுக்கம், படபடப்புன்னு லோ சுகர் வரலாம். டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குறைங்க.
• சிறுநீரகப் பாதிப்பு உள்ளவங்க பருப்பு, தக்காளி அளவைக் கேட்டுட்டுதான் சாப்பிடணும்.
• சமையல் மாத்திரைக்கு மாற்று இல்லை.

12/
கடைசியா, ஆண்களுக்கு. புதுச் சமையல் செய்யணும்னா, அந்த வேலையையும் வீட்டுப் பெண்கள் தலையில கட்டாதீங்க. சுகர் உங்களுக்குன்னா கரண்டியும் உங்க கையிலதான் இருக்கணும். ஊசி போடக் கத்துக்கிட்ட கை, வெங்காயம் நறுக்கக் கத்துக்காதா?

13/
அந்தத் தம்பதி போன வாரம் வந்தாங்க. வெறும் வயித்துச் சர்க்கரை 142. மாத்திரையையும் கூட்டியிருந்தேன், அதனால முழுப் பெருமையும் சமையலுக்குப் போகாது.

"இப்ப வாரத்துல மூணு நாள் எல்லாருக்கும் ஒரே சட்டி சார். ஞாயித்துக்கிழமை அந்த முட்டைக் குழம்பை இவரே செய்யறார். உப்புதான் சரியா வரலை"ன்னாங்க அந்தம்மா.

"உப்பு கம்மியா, ஜாஸ்தியாம்மா?"

"கம்மி."

"அப்ப சரியாத்தான் செய்யறார்"னு சொல்லி அனுப்பினேன்.

உங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து சாப்பிடற ஒரே சட்டிச் சமையல் எது? கமெண்ட்ல சொல்லுங்க, அடுத்த ஞாயிறு செஞ்சு பார்க்கறேன்.