யாருக்கும் வேண்டாத சின்னத் தட்டு

இந்த வாரம் முழுக்க எரிச்சலோடுதான் இருந்தேன். ஒரு பொறியியல் கல்லூரியில் மாணவர்களுக்குத் தொழில் யோசனைப் போட்டி வைத்திருந்தார்கள், பார்க்கப் போயிருந்தேன். இட்லி மாவைப் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் செயலிக்கு முதல் பரிசு. பிள்ளைகள் நன்றாகவே செய்திருந்தார்கள். வரவு செலவுக் கணக்கு ஒழுங்காக இருந்தது, கேட்ட கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொன்னார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பரிசு கொடுத்தவர்தான் மைக்கைப் பிடித்து, “இதுக்குப் பேர்தான் டிஸ்ரப்ஷன்! தெருமுனை மாவுக்கடை அத்தனையையும் இது காலி பண்ணிடும்” என்றார். அரங்கமே கைதட்டியது.

கிரைண்டர் ஒன்றை வைத்துக்கொண்டு தெருமுனையில் மாவு விற்கிற பெண்ணின் பிழைப்பு போவதற்கா கைதட்டுவது? அது ஒரு வருத்தம். ‘டிஸ்ரப்ஷன்’ என்ற சொல்லை இப்படிப் பயன்படுத்துகிறார்களே என்பது இன்னொரு வருத்தம். இந்தச் சொல் எனக்கு நெருக்கமானது. இதை உண்டாக்கியவர் எதற்காக உண்டாக்கினார் என்பது, நான் திரும்பத் திரும்பப் படிக்கிற ஒரு புத்தகத்தில் இருக்கிறது.

அவர் கிளேட்டன் கிறிஸ்டென்சன். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர். ஜோசப் பவர் என்ற மூத்த பேராசிரியரோடு சேர்ந்து 1995இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைத் தொழில்நுட்பத்துக்கு அடைமொழியாக்கினார். 1997இல் ‘தி இன்னொவேட்டர்ஸ் டிலெம்மா’ புத்தகம் வந்தது. அதைக் கையில் எடுத்தே பார்க்காதவர்கள்தான் மேடைதோறும் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். அதனால் புத்தகத்தில் உள்ள கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவர் ஆராய எடுத்துக்கொண்டது கணினியின் ஹார்டு டிஸ்க். மரபியல் ஆராய்கிறவர்கள் மனிதனை விட்டுவிட்டுப் பழ ஈயை எடுத்துக்கொள்வது ஏன் தெரியுமா, அது சீக்கிரமே பிறந்து வளர்ந்து செத்துப்போகிறது, தொழில் உலகத்தின் பழ ஈ ஹார்டு டிஸ்க் நிறுவனங்கள்தான் என்று ஒரு நண்பர் அவரிடம் சொன்னாராம். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. 1976இல் அந்தத் தொழிலில் 17 நிறுவனங்கள். எல்லாம் பெரிய கைகள். 1995க்குள் ஐபிஎம்மின் டிஸ்க் பிரிவைத் தவிர மற்ற அத்தனையும் நொடித்துப்போயின, அல்லது விலைபோயின. இடையில் புதிதாக வந்தவை 129. அவற்றிலும் 109 நிலைக்கவில்லை.

போனவர்கள் சோம்பேறிகளும் இல்லை, விவரம் தெரியாதவர்களும் இல்லை. எழுபதுகளில் 14 அங்குலத் தட்டு கொண்ட டிஸ்க்தான் ராஜா. அறையை அடைத்து நிற்கும் மெயின்ஃபிரேம் கணினிகளுக்கு அது போனது. அந்தக் கணினிக்காரர்கள் கேட்டது 300, 400 மெகாபைட். அப்போது 8 அங்குலத் தட்டு வந்தது. அதில் 10 முதல் 40 மெகாபைட்வரைதான் கொள்ளும். மெயின்ஃபிரேம்காரர்கள் அதைச் சீந்தவில்லை. வாங் போன்ற மினி கணினி நிறுவனங்கள் வாங்கிக்கொண்டன. சில வருடங்களில் 8 அங்குலத் தட்டின் கொள்ளளவு ஏறி, மெயின்ஃபிரேமுக்கும் போதும் என்றானது. 14 அங்குலக்காரர்கள் விழித்துக்கொண்டபோது சந்தை கைவிட்டுப் போயிருந்தது. பிறகு 1980இல் சீகேட் 5.25 அங்குலத்தைக் கொண்டுவந்தது. கொள்ளளவு 5, 10 மெகாபைட். இப்போது மூக்கைச் சுளித்தவர்கள் மினி கணினிக்காரர்கள். வாங்கிக்கொண்டது, அப்போதுதான் தலைகாட்டிய மேசைக் கணினி.

அடுத்து நடந்ததைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று உட்கார்ந்துவிடுவேன். சின்னத் தட்டால் உயர்ந்த அதே சீகேட்டில், பொறியாளர்கள் 1985இலேயே 3.5 அங்குலத் தட்டின் மாதிரிகளைச் செய்து முடித்திருந்தார்கள். விற்பனைப் பிரிவு அவற்றைத் தன் பெரிய வாடிக்கையாளர்களிடம் காட்டியது. ஐபிஎம்மின் மேசைக் கணினிப் பிரிவுக்கு வேண்டியிருந்தது இன்னும் அதிகக் கொள்ளளவு. சிறிய உருவத்தால் அதற்கு ஒரு பயனும் இல்லை. திட்டத்தைக் கிடப்பில் போட்டார்கள். கான்னர் பெரிஃபெரல்ஸ் என்ற புது நிறுவனம் அதே 3.5 அங்குலத்தை, தூக்கிக்கொண்டு போகிற கணினிகள் செய்த காம்பேக்குக்கு முக்கியமாக விற்று, 1987இல், முதல் வருடத்திலேயே, 113 மில்லியன் டாலர் பார்த்தது. சீகேட் தன் 3.5ஐ 1988இல்தான் சந்தைக்கு அனுப்பியது. அப்போதும் பழைய மேசைக் கணினி வாடிக்கையாளர்களுக்கே விற்றது. பெரிய டிஸ்க்குக்காக விட்டிருந்த இடத்தில் சின்னது நிற்க வேண்டும் என்று பல டிஸ்க்குகளைச் சட்டம் பொருத்தியே அனுப்பினார்கள்.

சீகேட் மேலாளர்கள் செய்ததில் தவறு எது? வாடிக்கையாளரைக் கேட்டார்கள், அவர் சொன்னபடி நடந்தார்கள், லாபம் அதிகமுள்ள பக்கம் முதலீடு செய்தார்கள். வணிகப் பள்ளிகள் கற்றுக்கொடுப்பது இதைத்தானே. நல்ல நிர்வாகமே ஒரு நிறுவனத்தைக் கண்கட்டி வைத்துவிடும் என்பதுதான் கிறிஸ்டென்சனின் கண்டுபிடிப்பு. டிஸ்ரப்ஷன் என்று அவர் சொன்னது இதை: இருக்கிற பொருளைவிட மட்டமானதாக, ஆனால் மலிவாக, சிறிதாக, எளிதாக ஒன்று வருகிறது. பெரிய வாடிக்கையாளருக்கு அது வேண்டாம். யாரும் பொருட்படுத்தாத ஓர் ஓரத்தில் அது வேர்விட்டு, தேறி, மேலே ஏறி வருகிறது. வேகமாக விற்றாலோ, போட்டியாளரை ஒழித்தாலோ அந்தப் பெயர் கிடைத்துவிடாது. ஊபர்கூட டிஸ்ரப்டிவ் இல்லை என்று 2015இல் அவரும் சகாக்களும் எழுதினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏற்கெனவே டாக்சியில் போய்க்கொண்டிருந்தவர்களைத்தான் அது முதலில் ஏற்றிக்கொண்டது என்பது அவர்கள் சொன்ன காரணம்.

இந்தக் கோட்பாட்டை வேதமாக்கச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் ஜில் லெப்போர் 2014இல் ‘நியூயார்க்கர்’ இதழில் இதைப் பிரித்து மேய்ந்தார். சீகேட் அழிந்தா போனது, தொடர்ந்து பெரிதாகத்தானே வளர்ந்தது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கோட்பாட்டை வைத்து ஆரூடம் சொல்லப் போனால் சறுக்கும். ஐபோன் எடுபடாது என்று 2007இல் கிறிஸ்டென்சனே நினைத்தார். எனக்கு அவர் முக்கியமாவது வேறொரு காரணத்துக்காக.

மைக்கேல் ரேனருடன் 2003இல் எழுதிய அடுத்த புத்தகத்தில் ‘நுகராதவர்’ என்று ஓர் ஆளைக் கொண்டுவருகிறார். சந்தைக் கணக்கில் இடமே இல்லாத ஆள். அவர் தரும் உதாரணம் டிரான்சிஸ்டர். ஐம்பதுகளில் சோனி விற்ற கையடக்க வானொலி கரகரவென்று இழுத்தது. வால்வு ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்கவே முடியாது. ஆனால் அதை வாங்கிய பள்ளிப் பிள்ளைகளிடம் வால்வு ரேடியோ எங்கே இருந்தது? வீட்டுக் கூடத்தில் அது அப்பாவின் சொத்து. பெற்றோர் காதில் விழாத தூரத்தில், தனக்குப் பிடித்த பாட்டை, கரகரப்போடாவது கேட்க முடிந்ததே என்று அவர்கள் மகிழ்ந்தார்கள். ஒன்றுமே இல்லாதவருக்கு மட்டமான ஒன்றும் பெரிய வரவு. நம் ஊரிலும் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு டிரான்சிஸ்டர்தான் இலங்கை வானொலியைக் கூடத்திலிருந்து மொட்டைமாடிக்குக் கொண்டுவந்தது.

அந்த ‘நுகராதவர்’ என்ற சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு நினைவு வருவது மதுரை.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்றார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கான கண்களுக்கு அறுவை செய்தவர். 1976இல் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது புரை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது சோடாபுட்டிக் கண்ணாடி. அதைக் கழற்றினால் உலகம் மங்கிவிடும், உடைந்தால் மறுபடி குருடு. எண்பதுகளில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் மேல்நாடுகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒன்றின் விலை நூறு டாலரைத் தாண்டும். ஏழை நாடுகளுக்குக் கண்ணாடியே போதும் என்று சொன்ன நிபுணர்களும் இருந்தார்கள். கண் சிகிச்சை முகாமுக்குப் பேருந்தில் வந்து இறங்கும் கிழவி, லென்ஸ் விற்கிற எந்த நிறுவனத்தின் கணக்கிலும் இல்லை.

1992இல் மதுரையிலேயே ஆரோலேப் தொடங்கி லென்ஸை அவர்களே செய்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. தரத்தில் குறை வைக்கவில்லை. ஆகவே கிறிஸ்டென்சனின் இலக்கணத்தை எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் இது முழுக்கப் பொருந்தாது. அதற்காக நான் இந்த உதாரணத்தை விடப்போவதில்லை. எண்ணிக்கையில் வராத ஆளிடமிருந்து தொடங்கினார்கள். கிறிஸ்டென்சன் புத்தகத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. ஆல்கான் போன்ற பழைய பெரிய நிறுவனங்களும் லென்ஸ் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. யாரையும் காலி பண்ணித்தான் இதைச் செய்ய வேண்டும் என்று இருக்கவில்லை. மதுரைப் பக்கம் அநேகமாகக் காணாமல் போனது அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடிதான்.