முருங்கை விதை தண்ணியைச் சுத்தமாக்குமா? புரதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்!

கொடைரோடு ஸ்டேஷனில் இறங்குபவர்கள் கொடைக்கானல் பஸ்ஸைத்தான் தேடுவார்கள். அதே பக்கம் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டினால் பெரியகுளம். நமக்கெல்லாம் தெரிந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை, அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம். காய் விலை சரிந்தால் பறிக்கிற கூலிகூடத் தேறாது. முற்றவிட்டால் விதையாவது மிஞ்சும். அந்த விதையைப் பற்றித்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: 'பொடி பண்ணி குடத்துல போடுங்க, தண்ணி சுத்தமாயிடும்!'

பாதி உண்மை. சூடானில் கலங்கிய நைல் நீரைப் பெண்கள் இப்படித்தான் தெளிய வைத்தார்கள். மண் துகள்களில் நெகட்டிவ் மின்சுமை. விதையிலுள்ள ஒரு குட்டிப் புரதத்தில் பாசிட்டிவ். ரெண்டும் ஒட்டி அடியில் படிந்துவிடும். ஆனால், பொடியில் அது மட்டுமா இருக்கு? மற்ற புரதங்களும் எண்ணெயும் தண்ணியிலேயே தங்கும். ஒரு நாள் வைத்தால் பாக்டீரியாவுக்கு விருந்துதான். கிணற்று உப்பும் அப்படியே இருக்கும்.

சரி, விதைக்குள் என்னென்ன புரதம் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது? 1975-ல் பாட்ரிக் ஓ'ஃபாரெல் விவரித்த டூ-டி ஜெல் எலக்ட்ரோபோரசிஸ் இதற்கான முறை. முதலில் எண்ணெயை நீக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெல்லில் வெறும் இழுவல்தான் தெரியும். பிறகு, ஒரு முனை அமிலம், மறுமுனை காரம் என்றிருக்கும் பட்டையில் மின்சாரம் பாய்ச்சுவார்கள். தன் நிகர மின்சுமை பூஜ்யமாகும் இடத்தில் ஒவ்வொரு புரதமும் நின்றுவிடும், அவரவர் ஸ்டாப்பில் இறங்குவது மாதிரி. அடுத்து அந்தப் பட்டையை இன்னொரு ஜெல்லின் தலையில் வைத்து ஓட்டினால் சின்னது வேகமாகக் கீழே போகும், பெரியது மேலேயே தங்கும். நீலச் சாயம் ஏற்றினால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

இங்கேதான் ஒரு சிக்கல். நமக்கு வேண்டிய புரதத்தின் ஸ்டாப் பி.எச். 10-க்கும் மேலே. வழக்கமாக வாங்கும் பட்டையோ 10-லேயே முடிந்துவிடும். எடையும் சுமார் 6.5 கிலோடால்ட்டன்தான் என்பதால், சாதாரண ஜெல்லின் அடிவழியே நழுவி ஓடவும் வாய்ப்புண்டு. படம் முழுக்கச் சேமிப்புப் புரதங்கள் இருக்கும், ஹீரோவைக் காணோம்! 'டூ-டி ஓட்டினோம், ஒண்ணும் தெரியல' என்று யாராவது சொன்னால், எந்தப் பட்டை என்று கேளுங்கள்.

என் கருத்து இதுதான். அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்க, பாசிட்டிவ் சுமையைப் பிடித்துக்கொள்ளும் அயனிப் பரிமாற்றக் குழாய் போதும். கூடவே என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது, ரகத்துக்கு ரகம் என்ன மாறுகிறது என்று பார்க்கத்தான் டூ-டி வேண்டும். இந்த ரெண்டும் காய் விளைகிற இந்தப் பக்கத்திலேயே நடக்கணும். பொடியை மூட்டையாக விற்பதைவிட, சுத்தமான புரதமாக விற்றால்தான் விவசாயிக்கு நாலு காசு நிற்கும்.

அதுவரை, பொடி போட்டுத் தெளிய வைத்தாலும் அன்றைக்கே வடிகட்டி, கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும்.